வெள்ளைப் புள்ளி

பத்து கிராம் பால், நூல் பிசகாமல்.
ஆசிட் விட்டால் உறையும்,
ரோலரில் போட்டால் பப்படம்போல் பரக்கும்,
ராத்திரி முழுக்க ஓவனில் கிடக்கும்.
குலசேகரம் சந்தைக்குக் கிழக்கே
ரப்பர் பால் எடுக்கும் டிப்போவில்
ஏழு வருஷமாக எனக்க வேலை இது.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க
படலத்தை ஜன்னலுக்கு நேரே பிடிக்க வேண்டும்.
எங்காவது வெள்ளையாய் ஒரு புள்ளி நின்றால்
உள்ளே இன்னும் வெள்ளம் இருக்கிறது.
முழுசும் காய்ந்தது தேன்நிறத்தில் தெளியும்.
அதன் வழியே
எதிர்த்த சாயாக்கடை பெஞ்சும்
அதில் பால்கணக்குக்குக் காத்திருக்கும் தாசையனும்
மங்கலாய்த் தெரிவார்கள்.

தாசையனுடையது மூன்று புள்ளி நாலு கிராம்.
அதாவது முப்பத்திநாலு.
சீட்டில் நான் எழுதுவது முப்பத்திரண்டு.

முதலாளி ஒருநாளும் குறை என்று சொன்னதில்லை.
'மழைக்காலம், பாத்துப் போடு பிள்ளே' என்பார்.
பங்குனி வெயிலிலும் அதையே சொல்வார்.
நாற்பது கிலோ பாலில் ரெண்டு புள்ளி என்றால்
எண்ணூறு கிராம் ரப்பர்.
அதனால் ஒருத்தரும் செத்துப்போகவில்லை.
கெமிஸ்ட்ரி படித்தவள் நான்,
ஒரு நாள், ஒரு கேன் என்பதோடு
கணக்கை நிறுத்திக்கொள்வேன்.
அதற்கு மேல் பெருக்கவே மாட்டேன்.

இந்த ஐப்பசியில் முதலாளி தேர்தலில் நின்றார்.
சுவரெல்லாம் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை,
'ஒளிவு மறைவற்ற பேரூராட்சி' என்று கொட்டை எழுத்து.
ஒட்டியது போக மிஞ்சிய கட்டை
என் மேசைக்கடியில் வைத்தார்கள்.
கால் நீட்ட இடமில்லை.

அந்த மாதம்தான்
எனக்க அண்ணன் ஜெபசிங் பாட்டத்துக்குத் தோட்டம் எடுத்தான்.
தங்கச்சி வேலைபார்க்கிற இடம் வேண்டாம்,
நாலுபேர் நாலு சொல்வார்கள் என்று
பாலை அருமனைக்குக் கொண்டுபோனான்.
ஒரு குப்பியில் கொஞ்சம் எடுத்து
சும்மா, ஒரு ஆசைக்கு, நானும் காயவைத்தேன்.
முப்பத்தாறு.
அருமனைச் சீட்டில் முப்பத்திநாலு.

அந்த நாலை வெகுநேரம் பார்த்திருந்தேன்.
கழுத்தில் லேசாக ஒரு திருகல்.
எழுதிய கை அந்த இடத்தில் நின்று,
யோசித்து, பிறகு போயிருக்கிறது.
எனக்க ரெண்டும் அங்கேயேதான் தயங்கும்.

அரைமணி நேரம் கோபம் கொதித்தது.
போனை எடுத்தேன்.
என்ன கேட்க?
அங்கே இருக்கிறவன் பேர்கூடத் தெரியாது,
ஆனால் அவன் சொல்லப்போகும் பதில் எல்லாம் தெரியும்:
ஓவன் சூடு ஏறி இறங்கியிருக்கும்,
பாலில் மழைத்துளி விழுந்திருக்கும்,
அம்மோனியா கூடியிருக்கும்.
எல்லாம் நான் சொல்லிச் சொல்லி வழக்கமானவை.
போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை பெரிதாக ஒன்றும் செய்யவில்லை.
எண் ஒளிரும் முகம்
எனக்கு நேராக இருந்த தராசை
வருகிறவர்களுக்கு நேராகத் திருப்பிவைத்தேன்.
அவ்வளவே.
ஒயர் எட்டவில்லை, மேசையை இழுக்க வேண்டியிருந்தது,
போஸ்டர் கட்டு சரிந்து
பத்துப் பதினைந்து முதலாளிகள்
தரையில் கைகூப்பிக் கிடந்தார்கள்.

தாசையன் வந்தார்.
தராசைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார்.
'முப்பத்திநாலா?
மரமும் அதேதான், வெட்டும் அதேதான்.'
சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன்.
அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது.
எண்ணுகிறார்.
நான் நிறுத்திய இடத்திலிருந்து
அவர் பெருக்கிக்கொண்டிருந்தார்.

பிறகு படலத்தை எடுத்து
நான் செய்வதுபோலவே வெளிச்சத்துக்குப் பிடித்தார்.
ஜன்னலுக்கு முன்னால் நான்தான் நின்றிருந்தேன்.
அதன் வழியே என்னைப் பார்த்தபடி,
சத்தம் உயர்த்தாமல் கேட்டார்:

'பிள்ளே, நீ இங்க வந்து
எத்தனை வருஷம் ஆவுது?'

ஏழு, என்றேன்.
அதில் ரெண்டைக் குறைக்க
நாக்கு ஒருமுறை தயங்கியது.