தெளிவில்லை

நிமிடத்துக்குப் பதினெட்டு ரூபாய்.
பேசினாலும் பேசாவிட்டாலும் கணக்கு ஒன்றுதான்.
சிம்மக்கல்லில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில்,
பஞ்சு பிய்ந்த ஹெட்போனைக் காதில் மாட்டி
நிபுணர்களை எழுத்தாக்குகிறேன்.

விதிகள் எளியவை.
'ம்' வேண்டாம். 'வந்து', 'அதாவது' வேண்டாம்.
இருமலை எழுதாதே. பின்னணிக் குரல்களை விட்டுவிடு.
காதில் விழாத இடத்தில்
'தெளிவில்லை' என்று போடு.
அவர்களே 'தெரியாது' என்று சொல்லிவிட்டால்
தொகுப்பாளரைக் கேள்.
(எடுத்துவிடச் சொல்வார்.)

நேற்று நஜ்முதீன். வௌவால்காரர்.
நாகமலைப் பொடவில் ஒரு வருடம் எண்ணூறு எண்ணினாராம்,
மறுவருடம் அறுநூறு.
"இருநூறு எங்க சார் போச்சு?"
"நான் தப்பா எண்ணியிருக்கலாம்" என்று சிரிக்கிறார்.
அந்தச் சிரிப்பை எழுத விதியில் இடமில்லை.

இன்று அமலோற்பவம்.
"உங்க மசாலா டப்பாவுல கல்பாசி இருக்குமே,
அதோட சொந்தக்காரங்களத்தான் தேடுறேன்."
பாசியும் பூஞ்சையும் ஒரே குடித்தனம்.
வேர் கிடையாது. காற்றில் வருவதுதான் சாப்பாடு.
காற்று கெட்டால்
முதலில் வீட்டைக் காலி செய்வதும் அதுதான்.
அதனால் தை பிறந்ததும்
கோரிப்பாளையத்தில் ஸ்கூட்டரை எடுத்து
அழகர்கோயில் சாலையில்
புளியமரம் புளியமரமாக நிறுத்தி
பட்டையில் லென்ஸை வைத்துப் பார்த்துக்கொண்டே போகிறார்.
சாம்பல்பச்சையில் முதல் தேமல் எந்த மரத்தில் தெரிகிறதோ
அங்கே மதுரை முடிகிறது.

இந்த இடத்தில் நிறுத்தி
இன்னொரு முறை கேட்டேன்.
மாநகராட்சியின் எல்லைப் பலகை
எங்கேயோ இருந்துவிட்டுப் போகட்டும்.

முதல் வருடம் முப்பத்தொன்றாவது மரம்.
நாலாம் வருடம் நாற்பத்தாறாவது.
"ஊரடங்குல குறைஞ்சிருக்கும்ல?"
"குறையணும்னு எனக்கும் ஆசைதான். குறையல.
அதுக்கு ஒரு வருசங்கறது ஒரு மூச்சு."
அப்போது தள்ளி ஓர் ஆண் குரல்:
"மேடம், நாப்பத்தாறு இல்ல, நாப்பத்தேழு.
ஒரு மரத்துல கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்துச்சு,
அத விட்டுட்டீங்க."
யார் அது?
"ஒச்சுக்காளை. மரத்துக்கு நம்பர் போடுறவரு.
அவர் சொன்னா சரியா இருக்கும்."

ஐம்பத்திரண்டாவது நிமிடம்.
"இந்த வருசம்?"
ஏழு விநாடி. ஒரு மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போகிறது.
"ரோட்டை அகலப்படுத்திட்டாங்க.
பன்னெண்டுல இருந்து எம்பது வரைக்கும்
மரமே இல்ல."
"அப்ப மதுரை எங்க முடியுது?"
பதினோரு விநாடி.
என் கணக்கில் மூன்று ரூபாய் முப்பது காசு.
"தெரியாது."

தொகுப்பாளருக்குப் போன் போட்டேன்.
"தெரியாதுன்னு சொல்றதுக்கா
அந்தம்மாவைக் கூப்பிட்டோம்? எடுத்துருங்க."
எடுத்துவிட்டேன்.
கேள்வியை எடுக்கச் சொல்லவில்லை, அது நிற்கிறது.
அதன் கீழே வெறுமையாக விட மனம் வராமல்,
எனக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே சொல்லை அடித்தேன்:
தெளிவில்லை.

நன்றி சொல்லி முடித்த பிறகும்
கருவியை அணைக்க யாரோ மறந்திருக்கிறார்கள்.
செருப்புச் சத்தம். டிபன் கேரியர்.
"மேடம், எம்பத்தொண்ணுல வேப்பமரம் ஒண்ணு நிக்குது.
அதுலருந்து ஆரம்பிப்பமா?"
"வேம்புப் பட்டை வேற, புளி வேற ஒச்சு.
ரெண்டையும் ஒப்பிட முடியாது."
"ஒப்பிட வேணாம் மேடம். பாத்து வைப்போம்."
உதைக்கிறார், உதைக்கிறார்,
மூன்றாவது உதைக்கு ஸ்கூட்டர் கிளம்புகிறது.

இது நாற்பது விநாடி. பன்னிரண்டு ரூபாய்.
விதிப்படி, எழுத ஒன்றும் இல்லை.