நானூற்றுப் பன்னிரண்டு

போகிற போக்கில் இதைப் பறித்தால்
அன்றைக்கே மழை வருமாம்.
சொல்லிவிட்டு வுலாசுவா
கோரைக் கட்டைத் தோள் மாற்றிக்கொண்டாள்.
இன்னும் நாலு நாள் வெயில் வேண்டும் அவளுக்கு.
நனைந்து கறுத்த கோரைக்கு
ஃபோர் தோஃபேன் சந்தையில்
பாதி விலைகூடப் பெயராது.

என் கையில் பட்டியல்.
மடகாஸ்கரின் இந்தத் தென்கோடியில்
வெள்ளை மணலோடு கலந்து கறுப்பு மணல் கிடக்கிறது;
கறுப்புக்குத்தான் கப்பல் வருகிறது.
தோண்டும் இயந்திரம் மிதந்து வருமுன்
சதுப்பின் தெற்கு ஓரத்துச் செடிகளை
வேலிக்கு அந்தப் பக்கம் நட்டுவிட வேண்டும்.
எண்ணுவது என் வேலை.

பறிக்கவில்லை, பெயர்த்து நடுகிறோம் என்றேன்.
மழைக்கு அந்த இலக்கணம் தெரியுமா என்றாள்.

குனிந்தேன்.
இலை முடிந்த இடத்தில் ஒரு நரம்பு நீண்டு
தரையைத் தொடப் போய்
மனம் மாறி மேலே வளைந்து
வயிறு வைத்திருக்கிறது.
மூடி உண்டு, மூடத் தெரியாது.
விளிம்பில் தேன்; தேனுக்கு அப்பால் வழுக்கல்.
மண் கொடுக்காத சத்தை
ஈயிடமும் எறும்பிடமும் கேட்டு வாங்கிப் பிழைக்கிறது.
கேட்டு என்றா சொன்னேன்.

உள்ளே ஒரு சிலந்தி, மிளகளவு.
வலை பின்னாத சோம்பேறி.
குடுவைக்கு வருவதில் தன் பங்கை
வாசலிலேயே எடுத்துக்கொள்கிறது.
என் நிழல் விழுந்ததும்
தொபுக்கென்று தண்ணீருக்குள் பாய்ந்து
கரைந்துகொண்டிருக்கும் ஈக்கள் நடுவே
கரையாமல் உட்கார்ந்திருந்தது.
பட்டியலில்
சிலந்திக்குக் கட்டம் இல்லை.

மனஞ்சாரா மண்வெட்டியைப் போட்டுவிட்டு
கையாலேயே தோண்டினான்.
வேர் என்று பெரிதாக ஒன்றுமில்லை,
கறுத்த நூல் நாலைந்து.
லாரி குலுக்கலில் சிந்தாதிருக்க
வாய் ஒவ்வொன்றிலும் பஞ்சு வைத்தோம்,
செத்தவர் மூக்கில் வைப்பதுபோல.
நூறாவதில் நான் வானத்தைப் பார்த்தேன்.
இருநூறாவதில் அவனும் பார்த்தான்,
கழுத்து வலிக்கிற மாதிரி.

நானூற்றுப் பன்னிரண்டு.
மேகம் ஒரு துண்டுகூட இல்லை.
மணல்மேட்டில் வுலாசுவாவின் கோரை
மொரமொரவென்று காய்ந்தது.
அவள் முகத்தில் அதற்கான சந்தோஷம் இல்லை.
வராமல் போகாது, எங்கேயோ சேர்ந்துகொண்டிருக்கும்
என்று மட்டும் சொன்னாள்.

வேலிக்கு அந்தப் பக்கம், அந்தி நேரம்,
கடைசிக் குடுவையின் பஞ்சை எடுத்தேன்.
வெகுநேரம் கழித்துச் சிலந்தி மேலே வந்தது.
விளிம்பில் நின்று
புதுக் காற்றை முன்காலால் தொட்டுப் பார்த்தது.
பிறகு மறுபடியும் உள்ளேயே இறங்கிக்
கால் மடக்கியது.

கட்டங்களுக்கு வெளியே, தாளின் ஓரத்தில்
பென்சிலால் எழுதினேன்:
சிலந்தி, ஒன்று.
மழை, பாக்கி.