முப்பத்திரண்டு துளை

சட்டம் வந்து இரண்டு மாதம்.
அரக்குச் சிவப்பு, மெல்லிய எஃகுக் குழாய்,
கூடத்துச் சுவரில் சாய்ந்து நிற்கிறது
கால் இல்லாமல்.
"இதுக்கு எப்பத்தான் கால் முளைக்கும்?"
கேட்டுக்கொண்டே அதன் மேல்குழாயில்
ஈரத் துண்டைக் காயப்போடுகிறார் வயிரவன்.

பின் ஃபோர்க்கின் அகலம் நூற்று இருபத்தாறு மில்லிமீட்டர்.
கிடைத்த ஹப்புக்கோ நூற்று முப்பது.
"நாலு மில்லிதானே, விரிச்சுச் சொருகிடலாம்"
என்கிறார் ரிபாயி,
புதுவயல் ரோட்டில் கடை.
எனக்குக் கூட்டுறவுச் சங்கத்தில்
நகைக்கடன் கவுண்டர்.
நாலு மில்லிக்காக என் மேசையில்
அண்ணன் தம்பி பேச்சு நின்றிருக்கிறது.
சட்டத்தை விரிக்க வேண்டாம் என்றேன்.
அச்சில் ஒரு வாஷரைக் கழற்றினார்,
ஆறு பல்சக்கரம் போதுமென்று ஒப்புக்கொண்டேன்.

டயரில் ஆசை வேறு.
ஒட்டிப் பொருத்தும் டயர்தான் அழகு;
பழைய பந்தயப் படங்களில்
தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டு
மலையேறுவார்கள்.
பள்ளத்தூர்ச் சாலையின் சீமைக்கருவேலம்
அந்தப் படங்களைப் பார்த்ததில்லை.
சாதா டயர், இருபத்தெட்டு. முடிந்தது.

ரிம் கோயம்புத்தூரிலிருந்து வந்தது,
வெள்ளி நிறம், உயரமில்லாத பெட்டி விளிம்பு.
பின்னுக்கு முப்பத்தாறு துளை சரி.
முன்னுக்கு அனுப்பியது முப்பத்திரண்டு.
என்னிடம் இருந்த முன் ஹப் முப்பத்தாறு.
பத்துப் பொருத்தத்தில் ஒன்பது போனாலும்
பேசி முடிக்கிற ஊர் இது.
இதை மட்டும் யாரும் பேசி முடிக்க முடியாது.

மூன்று வாரம்.
அகலத் தட்டு வைத்த ஹப் வேண்டும்,
தட்டில் வட்ட வட்டமாய்ச் சன்னல் வெட்டியது.
"சின்னத் தட்டே போதும், வெயிட்டு கம்மி" என்றார் ரிபாயி.
என் எடை தெரிந்துதான் பேசுகிறாரா என்றேன்.

சனிக்கிழமை,
காரைக்குடியில் பழம்பொருள் விற்கும் தெரு.
முள்ளில்லாத கடிகாரம், எனாமல் தூக்கு,
கதவிழந்த குமிழ்கள் ஒரு வாளி நிறைய.
சேவுகன் கடையில் மெழுகுவத்தி குத்தி
ஒன்று நிற்கிறது.
"பினாங்கு விளக்கோட அடிக்கட்டைங்க்கா."

மேல் தட்டை விரலால் எண்ணினேன், பதினாறு.
கீழ்த் தட்டு, பதினாறு.
அச்சு மரை தேயவில்லை.
உருட்டினேன், உள்ளே குண்டுகள்
நெய்யில் நகர்வதுபோல் நகர்ந்தன.

வண்டிக்காரர் வாயில் இது குடம்.
ஹப் என்றாலும் குடம் என்றாலும்
கடைசியில் உதடு மூடுகிறது.
மூடினேன்.
பதினெட்டு வருடம் கவுண்டரில் பழகிய முகத்தை
எடுத்து மாட்டிக்கொண்டு,
"வத்தி கோணலா நிக்குதே" என்றேன்.
தொள்ளாயிரம் என்றவர்
ஐந்நூற்றைம்பதுக்கு இறங்கி
வத்தியையும் காகிதத்தில் சுற்றித் தந்தார்.

மூன்று துளைகளில் மெழுகு.
என் தலைமுடி உலர்த்தும் சாதனத்தால்
உருக்கினோம்.
மூன்று பின்னலாய்க் கம்பிகள் கோத்தார் ரிபாயி,
நான் ஒவ்வொன்றாய்ச் சுண்டிப் பார்த்தேன்.
பதினோராவது மட்டும் சுருதி இறங்கி நின்றது.
கால் திருப்பு.
போதும்.

கானாடுகாத்தான் வரை போய் வந்தேன்.
பின்சக்கரம் கிறுகிறுவெனப் பேசிக்கொண்டே வந்தது,
முன்சக்கரம் ஒரு வார்த்தை இல்லை.
விலையை வயிரவனிடம் சொன்னேன்,
ரிம்மின் விலையை அல்ல,
ஐந்நூற்றைம்பதை மட்டும்.

திரும்பும்போது அந்தத் தெரு வழியாக வந்திருக்கக் கூடாது.
"அக்கா, விளக்கு எப்படி இருக்கு?"
சேவுகன் வாசலில் நின்று கேட்கிறார்.
நல்லா இருக்கு என்றேன்,
முன்சக்கரத்தின் நடுவை
புடவைத் தலைப்பால் மறைத்தபடி.