ஏழாவது கட்டம்

பாரத்தின் ஏழாவது கட்டம்
வாசிக்கப்போகும் உருப்படிகளைக் கேட்கிறது,
ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் என்றும்.
சர்வின் அதில் ஒரு கோடு போட்டிருந்தான்.
கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து
மணிக்கட்டில் மாவோடு நேரே வந்திருந்தான்.
"தெரிஞ்சா எழுத மாட்டேனா அக்கா,
உறுமி இழுக்கறப்பதான் தெரியும்."

நகராண்மைக் கழகத்தில் நான் மூன்றாவது முகப்பு.
நாய் லைசென்ஸ், பதாகை, பசார் மாலாம் கடை,
ஒலிபெருக்கி, ஊர்வலம்
எல்லாம் என் விரல் தாண்டித்தான் போகும்.
கோடு ஒரு பதில் ஆகாது.
முழுமையற்றது என்று முத்திரை குத்தினேன்.

சனிக்கிழமை அடுக்குமாடியில் கூட்டம்.
இளைஞர் ஒழுக்க மேம்பாடு, இரண்டாம் கட்டம்.
குறிப்பெடுக்க என்னை அனுப்பினார்கள்.
தோட்டத்தை விற்றபோது
லயத்திலிருந்து லாரியில் ஏற்றி வந்தவர்களுக்குக் கட்டிய ஐந்து மாடி;
காயும் துணியைத் தேடிக்கொண்டு வரும் செம்பனை ஆலைப் புகை.
துவான் ஜுனைடி வெள்ளைத்திரையில்
வட்டங்களும் அம்புகளும் காட்டினார்.
ஒரு வட்டத்துக்குள் சமூக ஒத்திசைவு இருந்தது.
எந்த வழியாக உள்ளே போனதென்று
அம்பு சொல்லவில்லை.

கீழே, மோட்டார் நிறுத்துமிடத்தில்,
பெர்மிட் இல்லாத ஏழு பேர்.

உறுமி ஒருமுறை முனகி, விட்டுப் பார்த்தது.
பம்பை யோசித்தது.
சட்டி முந்திக்கொண்டு தப்பான இடத்தில் விழுந்தது.
யாரும் அவனை முறைக்கவில்லை.
அடுத்த சுற்றில் எல்லாரும்
அந்தத் தப்பிலேயே வந்து விழுந்தார்கள்,
அப்புறம் அது தப்பில்லை.

'அங்கம் மூன்று' என்று எழுதிய என் பேனா
அதற்குமேல் நகரவில்லை.

இரண்டாம் மாடியில் குழந்தை வீறிட்டது; தவில் தணிந்தது.
லிம்மின் கேஸ் லாரி பீப் பீப்பென்று பின்னால் வந்தது.
சட்டிக்காரன் லோகேந்திரன், பதினாறு வயது,
பள்ளிக்குப் போகாதவர்கள் என்று
துவான் வைத்திருக்கும் பட்டியலில் நான்காவது பெயர்,
அந்த பீப்பை எண்ணி
இரண்டு பீப்புக்கு நடுவே தன் அடியை வைத்தான்.
லிம் சிரித்துக்கொண்டே
தேவைக்கு மேல் ஒரு முழம் பின்னால் வந்தார்.

சூராவில் பாங்கின் முதல் எழுத்து எழுந்ததும்
தூக்கிய குச்சிகள் தூக்கியபடி நின்றன.
ஒருவரும் கடிகாரம் பார்க்கவில்லை.
இதற்கென்றே ஒரு விதி உண்டு, பதினான்கு ஆ.
தட்டச்சு செய்தவள் நான்; எனக்கே மறந்திருந்தது.
குச்சிகள் மடியில் கிடந்தன, அரை மணி நேரம்.
தொழுது திரும்பிய பக் மானாப்
மோட்டாரை நிறுத்தித் தலையசைத்தார்.
விட்ட இடத்திலிருந்து இல்லை,
அந்த அமைதி கொண்டுவந்து சேர்த்த வேறோர் இடத்திலிருந்து
உறுமி ஆரம்பித்தது.

எல்லாம் இனித்தது என்று சொல்லமாட்டேன்.
பதினோரு மணி ஷிப்டுக்குத் தூங்கியாக வேண்டிய யோகாம்பிகை
நான்காம் மாடி ஜன்னலை அறைந்து திறந்தாள்.
"நாளைக்கு எனக்குச் சோறு நீங்களாடா போடுவீங்க?"
அதற்கு எந்தத் தோலிலும் பதில் இல்லை.
மேளத்தைத் தூக்கிக்கொண்டு
திடலின் அந்தக் கோடிக்கு நடந்தார்கள்,
நடையில் தாளம் இல்லாமல்.

திங்கட்கிழமை அதே பாரம், அதே கோடு.
"என்னதான்டா எழுதட்டும்?"
"கேட்டுக் கேட்டு வாசிப்போம்னு போடுங்கக்கா."

பாரம் மலாயில்.
காதால் கேட்பதற்கு அதில் ஒரு சொல்,
வாயால் கேட்பதற்கு வேறு சொல்.
கட்டத்தில் இடமோ ஒன்றுக்குத்தான்.
பின்னால் வரிசையில் ஒருவர் இருமினார்.
ஒன்றை எழுதினேன்.
எது என்று துவான் கேட்கவில்லை.

அனுமதி இரவு பத்தரை வரை.
வைப்புத்தொகை இருநூறு வெள்ளி.
குப்பையை அவர்களே அள்ள வேண்டும்.
சாலையை மறிக்கக் கூடாது.
ஐந்து: நான்காம் மாடி, கிழக்குப் பக்கம்,
விளக்கு அணைந்திருந்தால்
திடலின் அந்தக் கோடி.

ஐந்தாவது எந்த வழிகாட்டியிலும் இல்லை.
முத்திரையை அதன்மேலேயே குத்தினேன்,
கொஞ்சம் கோணலாக.