பால் கொட்டிய வளைவு

அக்கித்தானியாவிலிருந்து சொகமோசோவுக்கு இறங்குகிற சாலை.
காலை ஐந்தே முக்கால்.
விளக்கைப் போட்டால்
அந்த விளக்கையே முகத்தில் வீசுகிற மூடுபனி.

என் லாரியில் நாற்பது பால் கேன்கள்.
கயிறு பிடித்திருந்தது முப்பத்தெட்டை.
இதை இப்போது சொல்கிறேன்,
அன்றைக்குச் சொல்லவில்லை.

அவள் முன்னால் போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.
சாம்பல் சட்டை, சாம்பல் சைக்கிள்,
சாம்பலாக விடிந்த நாள்.
பின்விளக்கு இருந்தது.
அதன் பேட்டரி அவள் வீட்டில் இருந்தது.

ஒரு குழி.
அவள் இடப்பக்கம் விலக
நான் அவளையும் தாண்டி இடப்பக்கம் ஒடித்தேன்.
ஒடித்தது கைகள்தான்;
நான் பிறகுதான் வந்து சேர்ந்தேன்.

பின்னால் இரண்டு கேன்கள் குதித்தன.
எண்பது லிட்டர்,
அவசரமே இல்லாமல் தார் முழுக்க.

"கண் எங்கே வைத்திருக்கிறாய்?" என்றாள்.
அதையேதான் நானும் கேட்க வாயெடுத்தேன்.
சாலை உன் அப்பன் சொத்தா என்று
இருவரும் ஒரே மூச்சில் கேட்டோம்.
எங்கள் அப்பன்மாருக்கு
உருளைக்கிழங்கு போடக்கூட ஒரு வரப்பில்லை.

அப்போது மேலே மோட்டார் சைக்கிள் சத்தம்.
பாதிச் சொல் வாயிலேயே நிற்க
கையை ஆட்டிக்கொண்டு ஓடினோம்.
பனிக்குள் கையை ஆட்டினால் யாருக்குத் தெரியும்?

எடில்பெர்த்தோ தனியாக வந்தான்,
அவன் வண்டி தனியாக வந்தது.
உட்கார்ந்தபடியே பாலில் வழுக்கி
என் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றான்.
சுற்றிலும் வெங்காயத்தாள் கட்டுகள்.
எழுந்ததும் தலையைத் தடவிப் பார்த்தான்.
ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டியிருந்தான்.
முழங்கைக்கு ஒன்றும் ஆகவில்லை.

யாரைத் திட்டுவது என்று மூவரும் யோசிக்கையில்
"ஆறு மணி பஸ்" என்றான் அவன்.

யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை.
அவன் போன் வெளிச்சத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு
அவள் மேட்டில் ஏறி மிதித்தாள்.
வெங்காயக் கட்டைக் கொடியாக உயர்த்தி
அவன் வளைவின் வாயில் நொண்டி நின்றான்.
நான் கேன் மூடியால் சாலையோர மண்ணை அள்ளி
அள்ளி அள்ளிப் பாலில் போட்டேன்.
எங்கிருந்தோ இரண்டு நாய்கள் நக்க வந்தன.
அவற்றையும் விரட்ட வேண்டியிருந்தது,
அவற்றின் பொருட்டும்.

பஸ் நடந்து வந்தது.
ஆம், நடந்துதான் வந்தது.
ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி
மூன்று ஜோடி வெள்ளைக் கால்களைப் பார்த்தார்.
எதுவும் கேட்கவில்லை.
கடைசி ஜன்னலில் நெற்றி சாய்த்து
ஒரு பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.
கடந்து போகும் வரை விழிக்கவில்லை.

எண்பது லிட்டரை
சங்கம் என் கணக்கில் கழித்தது.
அவள் பெயர் யமிலே என்பதை
அதற்கடுத்த வாரம்தான் கேட்டேன்,
ஒரு சிவப்புப் புள்ளி முன்னால் மினுக்கி மினுக்கிப் போக
நான் இரண்டாவது கியரில் பொறுமை செத்துப் பின்னால் போய்,
பெட்ரோல் பங்கில் இருவரும் நின்றபோது.
வழியில் எடில்பெர்த்தோ
அதே வளைவில் எங்கள் இருவரையும் முந்தினான்.
ஹெல்மெட் தலையில்தான் இருந்தது,
வார் மட்டும் காற்றில்.
நான் ஹாரனிலேயே கெட்ட வார்த்தை பேசினேன்.
அவன் கையை உயர்த்தினான்;
வணக்கமா வசவா, விளங்கவில்லை.

இப்போதும் வெயில் ஏறினால்
அங்கே புளித்த வாடை வருகிறது.
விவரம் தெரியாத ஊர்க்காரர்கள்
என்ன நாற்றம் என்று
வேகத்தைக் குறைத்து மூக்கைச் சுளிக்கிறார்கள்.

சுளிக்கட்டும்.