எந்தத் தளத்து மூச்சு

போஸ்னானில் பிப்ரவரி.
காலை ஏழேகால், இன்னும் விடியவில்லை.
ஜெல் பாட்டிலை வெந்நீர்க் கிண்ணத்தில் நிறுத்திவிட்டுப்
பெயரைக் கூப்பிடுகிறேன்:
போகுமிவா கூரெக்.
வயது அறுபத்தெட்டு. டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவள்.

கையில் இரண்டு கோப்பு.
பச்சை, ஐந்தாம் தளத்துடையது: புற்று.
நீலம் எங்களுடையது: இதயம்.
போன கோடையில் நீலத்துக்குள் ஒரே ஒரு தாள்.
இப்போது இரண்டும் ஒரே பருமன்.
வெளியே பெஞ்சில் இன்னும் பதினோரு பேர்.
ஏழு மடிகளில் பச்சையும் நீலமும் ஒன்றன்மேல் ஒன்று.
நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில்
பச்சைக்காரர்கள் என் கட்டில்வரை வந்ததில்லை.
மேலேயே முடிந்துவிடும்.

"இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள்."
மார்பு இருந்த இடத்தில் ஒரு தழும்பு,
பனியில் சைக்கிள் போன தடம்போல.
அதன் ஓரத்தில் கருவியை வைக்கிறேன்.
விலா எலும்பு. அதற்கடியில் உடனே அது.
"மூச்சை விட்டு, அப்படியே இருங்கள்."

அவள் ஆழமாக இழுத்தாள்.
இழுத்துப் பிடித்தாள்.
திரை முழுக்க நுரையீரலின் மூட்டம்.
இதயத்தைக் காணோம்.

"விடச் சொன்னேன், அம்மா."
"ஐயோ, மேல்மாடிப் பழக்கம்."

மேலே, கதிர் பாயும்போது,
இருபது நொடி இழுத்துப் பிடிக்க வேண்டும்.
அப்போதுதான் இதயம் கொஞ்சம் பின்வாங்கி
வழிவிடும்.
இங்கே விட வேண்டும்.
அப்போதுதான் அது முகம் காட்டும்.
நெஞ்சு என்னவோ ஒன்றுதான்.

விட்டாள்.
வந்தது: இடது அறை,
களைத்த கைபோல மூடித் திறந்துகொண்டு.
அளந்தேன்.
சிவப்பு மருந்து ஏறுவதற்கு முன் அறுபத்திரண்டு.
இலையுதிர் காலத்தில் ஐம்பத்தாறு.
இன்னொரு முறை அளந்தேன்.
மூன்றாம் முறையும்.
நாற்பத்தேழு.

எண்ணைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.
முகத்தைத் திரைப்பக்கம் வைத்துக்கொண்டேன்.

"மூன்று தரம் அளந்தீர்கள்," என்றாள்.
"பிரேக்கை இரண்டாம் முறை அழுத்திப் பார்க்கிறவனை
எனக்குத் தெரியும்."

பதில் வரவில்லை என்னிடம்.
ஜெல்லை அவளே துடைத்தாள், அக்குள்வரை, நிதானமாக.

"பாலத்துக்கு முன்னால் ஓரிடம் உண்டு.
இரண்டு தடத்து வண்டியும்
ஒரே தண்டவாளத்தில் ஏறும்.
எவன் முந்தி என்று சிக்னல் சொல்லும்.
இங்கே சிக்னல் யார்?"

செவ்வாய்க்கிழமைகளில்
பச்சை டாக்டரும் நீல டாக்டரும்
ஒரே மேசையில் உட்காருகிறார்கள் என்றேன்.
போன அக்டோபரிலிருந்து.
அதற்குமுன் அவர்கள் சந்தித்ததெல்லாம் லிஃப்டில்தான்.
அவர் மருந்தைத் தொடரலாம் என்பார்.
இவர் நிறுத்திப் பார்க்கலாம் என்பார்.
காபி ஆறும்.

"இன்று வியாழன்," என்றாள்.

ஒன்பது நாற்பதுக்கு அவளுக்குக் கதிர்.
ஒரு பொத்தான் தவறிய சட்டையோடு
லிஃப்ட் வாசலில் நின்று கேட்டாள்:
"மேலே போனால் இழுக்கணும், இல்லையா?"
"ஆமாம்."

கதவு சேர்வதற்குள் பார்த்தேன்.
இரண்டு கோப்பையும் நெஞ்சோடு அணைத்தபடி
இந்தத் தளத்திலேயே
இழுக்கத் தொடங்கியிருந்தாள்.