பால் இல்லாத வினைச்சொல்

பொலோன்யாவில் நவம்பர் மூடுபனி
வாடகை பாக்கி வைத்தவன் மாதிரி
தூண்களுக்குப் பின்னால் பதுங்கிப் பதுங்கிப் போகும்.
அருங்காட்சியகத்தின் பின்வாசல் வழியாக
முந்நூற்றைம்பது வயதான நாற்பத்திரண்டு பேரைக்
கம்பளி சுற்றி உள்ளே தூக்கிவந்தோம்.

என் வேலை ஆணி அடிப்பது.
கண்மட்டம் என்றால்
தரையிலிருந்து நூற்று ஐம்பத்தைந்து சென்டிமீட்டர்.
என் கண் அதற்கு ஏழு கீழே இருக்கிறது.
யார் கண்ணை வைத்து அளந்தார்கள் என்று
இருபது வருடமாகக் கேட்டதில்லை.

மூன்றாம் கூடத்தில், எதிரெதிர்ச் சுவரில்,
ஒரே கதை இரண்டு முறை:
பாலைக் குடித்துவிட்டுக் கூடாரத்தில் தூங்கும் சிசெரா,
அவன் நெற்றிப்பொட்டில் ஆணியை ஊன்றியிருக்கும் யாகேல்.

பெரிய படம் பேர்பெற்ற ஒருவருடையது.
தங்கச் சட்டம், தனி விளக்கு, தனிக் காப்பீடு.
அவருடைய யாகேல் மேகத்தைப் பார்க்கிறாள்.
சுத்தியலை, குழம்புக்கு உப்பு எடுப்பதுபோல்
இரண்டே விரலில் பிடித்திருக்கிறாள்.
அப்படிப் பிடித்தால் முதல் அடியில் போவது
சிசெரா இல்லை, கட்டைவிரல்.
துல்லியோ சிரித்தான்.
அவனுக்கு இடது கட்டைவிரலில் நகம் கிடையாது.

சின்னப் படம் ரவென்னா பக்கம்
ஒரு கன்னிமாடத்தின் உணவறையிலிருந்து வந்தது.
அடுப்புக் கரி. மூலையில் எலி.
முதுகில் ஒட்டிய பழைய சீட்டு:
‘தகப்பனின் பட்டறை. அநேகமாக இளைய மகன்.’

பழுதுநீக்கும் ஒர்னெல்லா
பஞ்சு சுற்றிய குச்சியில் எச்சில் தொட்டு
(ஆமாம், எச்சில்தான், அதற்கு இணை இல்லை)
பதினோரு வாரம் துடைத்தாள்.
கிண்ணத்தின் விளிம்பில் பெயர் முன்பே தெரிந்ததுதான்:
இப்பொலித் என்பதுவரை.
கடைசி எழுத்தின்மேல் கரி.
பக்கத்தில் ஒரு லத்தீன் வினைச்சொல்.
கிண்ணத்தில் பால் இருந்தது,
வினைச்சொல்லில் பால் இல்லை.
இப்பொலிதோ செய்தான் என்றே
எல்லோரும் படித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இப்பொலிதா.
செய்தாள்.

அவளுடைய யாகேல் மேகத்தைப் பார்க்கவில்லை.
முட்டி ஊன்றி, கையைச் சுருட்டிவிட்டு,
ஆணித்தலையை மட்டும் பார்க்கிறாள்.
பிடி, காம்பின் அடியில்.
பெருவிரல் நகத்தடியில் கறுத்துக் கன்றிய ஒரு பிறை.
வேதத்தில் அது இல்லை, ஒர்னெல்லா தேடிப்பார்த்தாள்.
கித்தானைத் தானே இழுத்துச் சட்டத்தில்
அறைந்தவளுக்குத்தான் அது தெரியும்.

நான் சுத்தியலை எடுத்தேன்.
கையைக் காம்பில் நான்கு விரற்கடை கீழே இறக்கினேன்.
பழைய சுவர், வழக்கமாக உதிரும்.
உதிரவில்லை.
நூற்று நாற்பத்தெட்டில் மாட்டினேன்.
பொறுப்பாளர் அளவுநாடாவோடு வந்தார்,
கொஞ்சநேரம் நின்றார்,
நாடாவைச் சுருட்டிக்கொண்டு போனார்.

திறப்பு நாளன்று கூட்டமெல்லாம்
தனி விளக்குக்குக் கீழேதான்.
கழிப்பறை எங்கே என்று
என்னிடம் வந்து கேட்டார்கள்.
சின்னப் படத்தைத் தாண்டி இடப்பக்கம் என்றேன்,
எல்லோரிடமும்.
அது சுற்றுவழி.